தரிசாகக் கிடந்த பதினொரு வயல்கள்

முதுகலை வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர். அதில் ஆறு பேர் வேறு எந்தப் பாடத்திலும் இடம் கிடைக்காமல் பூகோளத்துக்கு வந்தவர்கள். நான் விரும்பி வந்தவன். அதனாலேயே என் கவலை மற்றவர்களுடையதைவிடப் பெரியது. இடம் கிடைக்காமல் வந்தவன் பிறகு வேலை கிடைக்காவிட்டால் பாடத்தின்மேல் பழி போட்டுவிடலாம். நான் யார்மேல் போடுவது?

அறுபதுகளின் தொடக்கம் அது. சென்னையில் விடுதியில் சாப்பாடு முடிந்ததும் எங்கள் பேச்சு தினமும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். இந்தப் படிப்பு நம்மை எங்கே கொண்டுபோய் விடும்? வானிலை நிலையத்தில் இயற்பியல் படித்தவனை எடுக்கிறார்கள். நில அளவைக்குக் கணக்குப் படித்தவனும் நகரமைப்புக்கு எஞ்சினீயரும் போகிறார்கள். ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொருளாதாரக்காரன் இருக்கிறான். பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்கு பி.டி. என்ற ஆசிரியப் பயிற்சிப் பட்டம் போதும், எம்.ஏ. எதற்கு? ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், எம்.ஏ. பூகோளம் படித்தவனுக்கென்றே இருந்தது கல்லூரி விரிவுரையாளர் நாற்காலி ஒன்றுதான். பூகோளத் துறை உள்ள கல்லூரிகளோ மிகச் சில. அங்கே இருந்த ஆசிரியர்களின் வயதைக்கூட நான் விசாரித்து வைத்திருந்தேன். ஓய்வு பெறும் வயதில் ஒருவரும் இல்லை.

முதலாண்டு முடியும் சமயம் எங்கள் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் பூகோளத்துக்கு பி.ஏ. வகுப்பு தொடங்கும் யோசனை இருக்கிறது. முதல்வர் அவருக்குத் தெரிந்தவர். அந்தப் பக்கத்துப் பையனாக, இரண்டாம் வகுப்பில் தேறியவனாக ஒருவன் வேண்டுமாம். என் மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டாம் வகுப்புக்கு நூலிழை குறைந்தது. ஆய்வுக் கட்டுரையில் நல்ல மதிப்பெண் வந்தால் ஒழிய அந்த நாற்காலி எனக்கு இல்லை.

கட்டுரைக்கு எங்கள் ஊரையே எடுத்துக்கொண்டேன். தென்காசியிலிருந்து வடகரைக்குப் போகும் பாதையில், மலையைப் பார்த்தபடி இருக்கும் சிறிய ஊர். ஆற்றில் ஓர் அணைக்கட்டு, அதிலிருந்து ஒரு வாய்க்கால், வாய்க்காலின் இரு பக்கமும் நெல் வயல். செய்யவேண்டிய வேலை கேட்பதற்கு எளிது. கிராம வரைபடத்தில் ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண் இருக்கும். நேரில் போய் அந்த எண்ணில் என்ன விளைகிறது என்று பார்த்து, பயிருக்கு ஒரு வர்ணமாகப் பூசவேண்டும். சாரல் காலத்தில் நடும் கார் பயிருக்கு ஒரு படம், ஐப்பசி மழைக்கு நடும் பிசானத்துக்கு ஒரு படம். இரண்டிலும் வர்ணம் விழுந்த வயல் இருபோகம். ஒன்றில் மட்டும் விழுந்தால் ஒருபோகம். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு எண்கள். நாளைக்கு இருபது பார்த்தாலும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு சித்திரையில் ஊருக்கு வந்து இறங்கினேன்.

கோடையில் வயல் வெடித்துக் கிடந்தது. பயிர் இல்லாதபோது கேட்டுத்தானே எழுதவேண்டும்? வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காப்பிக் கடையில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன மாப்ளே, இதுக்குத்தான் மெட்ராஸ் வரைக்கும் போயிப் படிக்கியளா? எங்க வயல்ல என்ன வெளையுதுன்னு எங்ககிட்டயே கேக்கதுக்கு?" என்றார் ஒருவர்.

"இன்னும் ரெண்டு வருசம் படிக்கட்டும். ஆட்டுக்கு எத்தனை காலுன்னு கேப்பான்" என்றார் அவருக்கு அடுத்தவர்.

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்தபிறகு பாதிப்பேர் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. சொன்னவர்களும் ஒரே மாதிரியாகச் சொன்னார்கள். "நமக்கு ஒரு போகந்தான் அண்ணாச்சி. பிசானம் மட்டுந்தான்." என்னைவிட இருபது வயது மூத்தவர் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாலாம் நாள் சித்தப்பா வீட்டுக்கு வந்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நிலத்துக்குச் சட்டம் கொண்டுவருவதைப் பற்றிப் பேச்சு பலமாக இருந்தது. செங்கோட்டைச் சந்தைக்குப் போய் வருகிறவர்கள் மிளகோடும் பாக்கோடும் அதையும் சுமந்து வந்தார்கள். நம் பக்கமும் உச்சவரம்பு வரப்போகிறது, இருபோக நிலம் வைத்திருப்பவனுக்கு வரம்பு குறைவாம், ஒருபோகம் என்றால் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளலாமாம். இந்த நேரத்தில் நான் வரைபடத்தோடு வயல் வயலாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தேன்.

"ஏலே, சர்க்காருக்குப் படம் போடுதியாமே?" என்றார் சித்தப்பா.

"சர்க்காருக்கு இல்ல சித்தப்பா. பரீட்சைக்கு."

"எல்லாரும் அப்பிடித்தாம்லே சொல்லுவான். நிலம் அளக்கச் சங்கிலி புடிக்க வாறவன் நிலத்தப் புடுங்க வந்திருக்கேன்னு சொல்லிக்கிட்டா வருவான்?"

அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். சித்தப்பா போனபிறகு, "நம்ம வயல ஒரு போகம்னு எழுதிக்கோ" என்றார்.

"போன வருசம் லீவுக்கு வந்து, கார் அறுத்தப்ப களத்துல காவலுக்கு நாந்தானப்பா படுத்திருந்தேன்?"

"போன வருசம் போன வருசந்தான்."

எங்கள் நிலம் அப்படியொன்றும் பெரிதில்லை. எந்தச் சட்டம் வந்தாலும் அதில் கை வைக்குமா என்பதே சந்தேகம். ஆனால் தாத்தா காலத்தில் இருந்ததில் பாதி கையை விட்டுப் போனதை அப்பா பார்த்திருக்கிறார். மிச்சத்தைப் பற்றிய பயத்துக்கு அவர் கணக்குக் கேட்கவில்லை. நான்தான் எதற்கும் கணக்குப் போடுகிறவன். ஏக்கரைக் கூட்டிக் காட்டினேன். "ஒங்கணக்கு பொஸ்தகத்துக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

சரி, வாயால் சொல்வதை நம்பவேண்டாம், கார் நடும்வரை காத்திருந்து கண்ணால் பார்த்து வர்ணம் பூசலாம் என்று முடிவு செய்தேன். ஜூலை முடியும்வரை ஊரில் இருக்க அனுமதி கேட்டுக் கல்லூரிக்கு எழுதினேன், கிடைத்தது. வைகாசிக் கடைசியில் மலைமேல் மேகம் இறங்கியது. ஆனியில் சாரல் பிடித்துக்கொண்டது. வாய்க்கால் விளிம்பு தொட்டு ஓடிற்று. வாய்க்கால் முடிகிற கடைமடையில் நடவு தொடங்கியது. அங்கே எல்லாம் சிறிய நிலம். அவர்களுக்கு உச்சவரம்பைப் பற்றி என்ன கவலை? தண்ணீர் முதலில் பாய்கிற தலைமடையில் மட்டும் பதினொரு வயல்கள் அப்படியே கிடந்தன. ஐந்து எங்களுடையவை. நாலு சித்தப்பாவுடையவை. இரண்டு அவருடைய சம்பந்தியுடையவை.

அந்த வயல்களுக்காக நாற்றங்காலில் விதை பாவவில்லை என்பதை நான் வைகாசியிலேயே பார்த்தேன். தாமதமாகப் பாவுவார்கள் என்று நினைத்துவிட்டேன். என் படத்தில் வர்ணம் விழக்கூடாது என்பதற்காக ஒருவர் காரையே விட்டுவிடுவார் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

"ஏம்பா நாத்துப் பாவல?"

"தண்ணி வரும்னு என்ன நிச்சயம்?"

"வாய்க்கால் நெறஞ்சு ஓடுது. நம்ம மடைய அடைச்சிக் கீழ விடுதிய."

"போட்டும். கீழ உள்ளவனும் பொழைக்கட்டும்."

"இது கவர்மெண்டுக்கு இல்லப்பா. பரீட்சைக்குன்னு எத்தன தடவ சொல்லுதேன்."

"பரீட்சைய யாரு நடத்துதா?"

"யூனிவர்சிட்டி."

"யூனிவர்சிட்டிய யாரு நடத்துதா?"

அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். "ஒரு கார் போனா ஒண்ணும் குடி முழுகிராது. நீ பாட்டுக்கு உள்ளத உள்ளபடி பூசு. தரிசு தரிசுதான? பொய் எழுதச் சொல்லுதேனா?"

குடி முழுகியது, எங்கள் குடி இல்லை. எங்கள் வயலை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்குக்கு, உழுதுவந்த குடும்பம் ஒன்று இருந்தது. கணவன், மனைவி, இரண்டு மகன்கள். கார் நெல்லில் அவர்களுக்கு உள்ள பங்குதான் ஆவணியிலிருந்து மாசியில் பிசானம் அறுக்கும்வரை அவர்கள் சாப்பாடு. நான் வரப்பில் நின்று வெற்று வயல்களை எண்ணிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் புல்லுக்கட்டைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டாள்.

"எய்யா, நீங்க அந்தப் படத்தக் கொஞ்சம் பொறவு போடக்கூடாதா?"

"ஏன்?"

"ஒங்கப்பாகிட்டக் கேட்டா, எம்மவன் படிப்பு முடியட்டும்ங்காரு. ஒங்க படிப்பு எப்பய்யா முடியும்? அதுவரைக்கும் நாங்க நெல்லுத் தாளத் திங்கதா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தேதி தெரிந்தால் அதற்கு ஏற்றபடி ஏதாவது செய்யலாம் என்பதுபோலக் கேட்டாள். நான் கட்டுரை கொடுக்கவேண்டிய மாதத்தைச் சொன்னேன். அவள் விரலை மடக்கிப் பார்த்தாள். புல்லுக்கட்டைத் தூக்கிவிடச் சொன்னாள். ஆடி பிறப்பதற்குள் நாலு பேரும் செங்கோட்டையில் ரயிலேறி மலைக்கு அந்தப் பக்கம் புனலூருக்கு வேலை தேடிப் போய்விட்டார்கள்.

ஆடியில் பேராசிரியர் குடும்பத்தோடு குற்றாலத்துக்கு வந்தார். சீசனுக்கு வந்தால் என் படத்தையும் பார்த்துவிடுவதாக எழுதியிருந்தார். நான் புறப்படும்போது அப்பாவும் சட்டையைப் போட்டுக்கொண்டார். ஒரு பலாப்பழத்தைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டார். 

பேராசிரியர் தங்கியிருந்த வீட்டு முற்றத்தில் பலகை போட்டு, இடுப்பில் ஒரு துண்டோடு உட்கார்ந்திருந்தார். எண்ணெய் தேய்ப்பவர் அவர் முதுகில் இரண்டு கையாலும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். வகுப்பில் கோட்டு போட்டுப் பார்த்த மனிதரை அப்படிப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. கையில் எண்ணெய், படத்தில் பட்டுவிடும் என்று இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, "விரிச்சுப் பிடி" என்றார். நான் ஒரு முனையையும் அப்பா மறு முனையையும் பிடித்தோம்.

அவர் தஞ்சாவூர்க்காரர். வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்று கேட்டார். காட்டினேன். கண்ணாலேயே வாய்க்கால் வழியாக நடந்து கடைமடைவரை போய்த் திரும்பி வந்தார்.

"நான் காவேரிப் பாசனத்துல பிறந்தவன். கடைமடை காஞ்சு தலைமடை விளையும், பார்த்திருக்கேன். தலைமடை காஞ்சு கடைமடை விளைஞ்சு இன்னிக்குத்தான் பார்க்கறேன். உங்க ஊர்ல தண்ணி ஏணி வச்சு ஏறுறதா?"

எண்ணெய் தேய்ப்பவர் சிரித்துவிட்டார்.

"அது மண்ணு சரியில்ல சார்வாள். ஒரு போக மண்ணு" என்றார் அப்பா.

"இந்த வரப்புக்குக் கீழே இருக்கறதும் அதே மண்ணுதானே பெரியவரே? மண்ணு வரப்பைப் பார்த்தா நின்னுடுமா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். மண் என்றே வைத்துக்கொண்டு, இரண்டு வரி எழுதிக் கடந்துபோயிருக்கலாம். ஆனால் அந்த மனிதருக்கு முன்னால் மண் என்று எழுதினால் என் இரண்டாம் வகுப்பு அங்கேயே எண்ணெயோடு வழிந்து போய்விடும் என்று தெரிந்தது.

"எம் படத்துக்குப் பயந்து தரிசாப் போட்டிருக்காங்க சார். உச்சவரம்பு வருதுன்னு. ரெண்டு போகம்னு பதிஞ்சிரக் கூடாதுன்னு."

பேராசிரியர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முதுகில் இருந்த கையை நிறுத்தச் சொன்னார்.

"இது யார் வயல்?"

"எங்க வயல் சார்."

எண்ணெய்க் கையை எட்ட வைத்தே அந்த வயல்களைச் சுட்டினார். "இதை எழுது. மழை, மண், சரிவு எல்லாம் எல்லாரும் எழுதுவான். ஒரு வயல் ஏன் தரிசாக் கிடக்குன்னு காரணம் எழுதாம இந்தப் படம் என் மேஜையைத் தாண்டாது."

அப்பா படத்தின் முனையை விடாமலே பேசினார். "எழுதட்டும் சார்வாள். அவம் படிப்பு. ஊர்ப் பேர மட்டும் போடாண்டாம்னு சொல்லுங்க."

"ஊர்ப் பேர் போடாம பூகோளமா? எந்த இடம்னு சொல்லாம படம் போட்டா அதுக்குக் கதைன்னு பேர், பெரியவரே."

"அப்ப எங்க பேரு?"

"ஆள் பேர் வேண்டாம். ஊர் பேர் வேணும்."

தலைமடையில் யார் வயல் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆள் பெயர் எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன? அப்பாவுக்கும் அது தெரியும். பலாப்பழத்தைச் சுவரோரம் வைத்துவிட்டுக் கும்பிட்டார். பேராசிரியர் எழுந்து அருவிக்குப் போனார். எங்களையும் குளிக்க வரச் சொன்னார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.

பஸ் வரும்வரை சாரலில் நின்றோம். எதிரே ஈரத் தலையோடு கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். "குத்தாலத்துக்கு வந்துட்டுக் குளிக்காமப் போற ஆளுவ இந்த சீசன்ல நாம ரெண்டு பேருதான் இருக்கும்" என்றார் அப்பா.

அதற்குள் கார் பருவம் கைமீறிவிட்டது. நாற்று இல்லாமல் எதை நடுவது? பதினொரு வயல்களும் அந்த வருடம் வெள்ளையாகவே படத்தில் ஏறின. காரணத்தை இரண்டு பக்கத்தில் எழுதினேன். ஊர்ப் பெயரோடுதான். பொங்கல் விடுமுறையில் வந்து பிசானத்தைப் பார்த்தேன். ஊர் முழுக்க ஒரே பச்சை. எங்கள் வயலும் பச்சை. புனலூர் போனவர்களில் மூன்று பேர் பிசான நடவுக்குத் திரும்பி வந்திருந்தார்கள். மூத்த மகன் வரவில்லை. அங்கேயே இருந்துவிட்டானாம். அவனுக்கு அங்கே நல்லபடியாக இருந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இவ்வளவு வயதுக்குப் பிறகும் அந்தக் குடும்பத்தை நாலாகவும் மூன்றாகவும் மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் வகுப்பு வந்தது. வேண்டியதைவிட ஏழு மதிப்பெண் கூடுதலாகவே வந்தது. பேராசிரியர் சொன்ன திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி முதல்வரைப் போய்ப் பார்த்தேன். மரியாதையாக உட்காரச் சொன்னார். வேலை எனக்குத்தான் என்றார். ஆனால் முதல் வருடம் பதினைந்து மாணவர்களாவது பூகோளத்தில் சேர்ந்தால்தான் வகுப்பு நடக்கும். சேர்க்கைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் அவரைக் காணவில்லை. குடையையும் காணவில்லை. சாயங்காலம் நனைந்துபோய் வந்தார். வடகரையில் பி.யூ.சி. தேறி பி.ஏ.வுக்குக் காத்திருந்த பையன்கள் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறார். அடுத்த நாள் செங்கோட்டை. அதற்கடுத்த நாள் கடையம். மூன்றாம் நாள் நானும் கூடப் போனேன். பெண் கேட்கப் போவதுபோல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, யார் என்றே தெரியாத வீடுகளில் நுழைந்து, பையனைப் பூகோளத்தில் சேருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பி.காம்.னாக் கூட பேங்க்ல போயி உக்காரலாம். இத வச்சு என்ன பண்ணுவான்?" என்று கேட்டார் கடையத்தில் ஒருவர்.

"எம் மவன் இத வச்சு எங்க வயல்ல நடந்த களவாணித்தனத்தையே கண்டுபுடிச்சுப் பொஸ்தகத்துல எழுதிட்டாம்யா. வேற எந்தப் படிப்புல முடியும்?" என்றார் அப்பா.

அந்த மனிதர் அப்பாவை ஒருமாதிரிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள் அப்பாவோடு கல்லூரி அலுவலகத்துக்கு வெளியே நின்று எண்ணினேன். ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்கள் எட்டு பேர். அப்பா சொல்லி வந்தவர்கள் நாலு பேர். நடுப்பகலில் பொருளாதாரத்தில் இடம் காலியானதும் மூன்று பேர் அங்கே மாறிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் அப்பா கொண்டுவந்தவர்கள். எங்கள் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாகப் போனார்கள். குமாஸ்தா சன்னலைச் சாத்தப்போனபோது அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வயசு வரம்பு எதுவும் உண்டா?"

"யாருக்குங்க?"

"எனக்குத்தான். ஒரு ஆளாவது கூடும்லா?"

குமாஸ்தா கேலி என்று நினைத்துச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அவர் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். முதல்வர் வெளியே வந்து, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். அடுத்த வருடமும் அதையே எழுதி அனுப்பினார். பூகோளம் அங்கே பிறகு வந்தது. அப்போது முதல் வகுப்பு வாங்கியவர்கள் வரிசையில் நின்றார்கள்.

எங்கள் நிலத்தைக் கேட்டு எந்த அதிகாரியும் வரவில்லை. சட்டம் வந்து போயிற்று. எங்கள் அளவு அதற்கு எட்டவே இல்லை. என் கட்டுரையை என் பேராசிரியரையும் இன்னொரு தேர்வாளரையும் தவிர வேறு யாராவது திறந்து பார்த்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டு பேர் படிப்பதற்காக ஊரில் ஒரு கார் போனது.

சேர்க்கை முடிந்த அன்று மாலை ரயிலில் திரும்பினோம். ஜன்னலோரம் அப்பா. அம்பாசமுத்திரம் தாண்டியதும், "மொத வகுப்புல என்ன பாடம் எடுக்கதா இருந்த?" என்று கேட்டார்.

"அதெல்லாம் மறந்துட்டுப்பா."

"மறக்கதுக்கா மெட்ராஸ் வரைக்கும் போன?"

பிறகு, கடையம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தேவைப்படுவதாக, நீ வெளியே நின்றபோது அங்கே ஒரு வீட்டில் கேள்விப்பட்டேன் என்றார். பத்து நாளாக அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்திருக்கிறார். நான் கடையத்தில் இறங்கினேன். அவர் இறங்கவில்லை. கார் நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டவேண்டும் என்றார்.

தலைமை ஆசிரியர் வீட்டிலேயே இருந்தார். எம்.ஏ. என்றதும் எழுந்து நின்றார். பூகோளம் என்றதும் உட்கார்ந்தார். "சமூகப் பாடம் எடுக்கலாம். பி.டி.யைப் பொறவு முடிச்சிக்கிடும். டிரில் வாத்தியாரு லீவுல இருக்காரு, அதையும் கொஞ்சம் பாத்துக்கிடுவீரா?"

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.